ஓர் அணு கனத்தில் ஒரு தெரு

ஆயுதபூஜையன்று ஆய்வுக்கூடத்தில் இருந்த எல்லாவற்றுக்கும் இசக்கியம்மாள் சந்தனம் குங்குமம் வைத்தாள். உலைக்கு வைத்தாள், பம்புக்கு வைத்தாள், வாயு உருளைகள் நான்குக்கும் பட்டை போட்டு நடுவில் பொட்டிட்டாள், கணினிக்கு நெற்றி எது என்று கொஞ்சம் யோசித்து அங்கே ஒன்று வைத்தாள், கடைசியாக விரலில் ஒட்டியிருந்ததை வீணாக்க மனமில்லாமல், மறுநாள் விஜயதசமிக்குப் பேருக்காவது ஓட்டவேண்டுமென்று உலையின் வாயருகே எடுத்து வைத்திருந்த செப்புத் தகட்டின் மூலையில் தடவினாள். அமிலத்தில் கழுவி, இடுக்கியால் மட்டும் தொட்டு, தூசு படாமல் நாங்கள் காப்பாற்றும் தகடு அது. ஆனால் பூஜையில் வைத்ததை அன்றைக்கே துடைக்கக் கூடாது என்பதும் வழக்கம், எனவே யாரும் துடைக்கவில்லை. மறுநாள் காலை, பிறர் மனம் நோகக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு விஜயதசமிக்கும் தன் கையாலேயே சுவிட்சைப் போடும் பேராசிரியர் ஞானதுரை, அந்த வருஷமும் மனதுக்குள் ஒரு பைபிள் சங்கீதம் சொல்லிவிட்டுப் போட்டார்.

நாங்கள் செய்வது இவ்வளவுதான். செப்புத் தகட்டை ஆயிரம் டிகிரிக்குச் சூடாக்கி மீத்தேன் வாயுவை மேலே ஓடவிட்டால், அதிலுள்ள கரி செம்பின்மேல் ஒரே ஓர் அணு கனத்துக்குப் படலமாகப் படியும். அதற்குக் கிராபீன் என்று பெயர். படியவைப்பது பெரிய காரியமில்லை. அதைச் செம்பிலிருந்து பிரித்து வேறொன்றின்மேல் உட்காரவைப்பதுதான் காரியம். செம்பை ஒரு திரவத்தில் கரைத்துவிட்டால் படலம் மட்டும் மிதக்கும். மிதப்பதற்கு அடியில் கண்ணாடியை நுழைத்து மெல்லத் தூக்கவேண்டும், அல்லது கண்ணாடியை அடியில் கிடத்திவிட்டுத் தண்ணீரை மெல்ல வடிக்கவேண்டும், அப்போதுதான் அது கிழியும், சுருங்கும், கொப்புளம் விடும். எங்கள் துறையில் அது எப்படிக் கிழிகிறது என்பதைப் பற்றி மட்டுமே மூன்று பேர் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். கிழியாமல் எடுக்கத் தெரிந்தவள் ஒருத்திதான், அவள் கண்ணாடிப் பாத்திரம் கழுவுவதற்காக ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட இசக்கியம்மாள். எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள். "மூச்சு பட்டா அதுக்குக் கூச்சம் வந்துரும் மேடம்," என்பாள். எடுத்த படலத்தை அளந்து, இருக்கிறதா, முழுதாக இருக்கிறதா என்று தெரிவிப்பது என் வேலை. அதையும் நான் எழுதித்தான் கொடுப்பேன், வாயால் சொன்னது குறைவு.

அன்று செம்பு கரைந்தபின் மிதந்த படலம் உள்ளங்கை அளவு இல்லை. தட்டு அளவு இருந்தது, பிறகு தட்டைவிடப் பெரிதாக இருந்தது. அது எங்கே போகிறது என்பது லேசான ஒரு பளபளப்பில்தான் தெரிந்தது. தட்டின் விளிம்பில் ஏறி, மேஜையில் வழிந்து, கழுவும் தொட்டிக்குள் இறங்கி, "சார், இது நிக்கமாட்டேங்கு," என்று இசக்கியம்மாள் சொல்லி முடிப்பதற்குள் குழாய்க்குள் போய்விட்டது. அந்தக் குழாய் செவந்திகுளத்தில் போய்ச் சேர்கிறது. அங்கே சேரக் கூடாது என்று ஒரு விதியும் சுவரில் ஒட்டியிருக்கிறது.

மூன்றாம் நாள் காலை விடுதிப் பூனை குளத்தின் நடுவில் தண்ணீர்மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

பேராசிரியர் கரையில் நின்று பார்த்தார். "ஒரு சதுர மீட்டர் படலம் ஒரு பூனையைத் தாங்கும்னு ஏற்கெனவே கணக்குப் போட்டு வச்சிருக்காங்க," என்றார், கணக்கு சரியாக வந்த திருப்தியோடு டீ குடிக்கப் போனார். குளக்கரையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூனை எங்கேதான் படுக்காது என்றார்கள்.

செவந்திகுளத்துக்கு மேற்கே எங்கள் கல்லூரி இருக்கிறது, அதை ஒட்டி மேலத்தெரு. கிழக்கே கீழக்கரை, அங்கேதான் இசக்கியம்மாளின் வீடு. கீழக்கரையிலிருந்து கல்லூரிக்கு வர இரண்டு வழி. வடக்குக் கரையோடு வந்து மேலத்தெருவுக்குள் நுழைந்தால் சைக்கிளில் பன்னிரண்டு நிமிஷம். தெற்கே சுற்றினால் பஸ்ஸில் ஐம்பது நிமிஷம், அந்த பஸ்ஸும் காலையில் முதல் நடை எட்டே முக்காலுக்குத்தான். கீழக்கரைக்காரர்கள் பஸ்ஸில் வந்தார்கள். மேலத்தெருவில் போகக் கூடாது என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை, அவர்களில் யாரும் போனதுமில்லை, போனால் என்ன ஆகும் என்று இரண்டு கரையும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதுமில்லை. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிள் ஒன்று இசக்கியம்மாளிடம் இருந்தது. அது பதினைந்து வருஷமாகக் கீழக்கரைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

கல்லூரியில் விரல் வைக்கும் மிஷின் ஒன்பது மணிக்கு மூடும். இசக்கியம்மாள் ஒன்பது முப்பத்தைந்துக்கு வருவாள். ஆறு வருஷமாக இப்படி. அந்தப் புரட்டாசியில் அலுவலகத்திலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது: டிசம்பர் கடைசிவரை நேரத்துக்கு வந்தால் ஒப்பந்தம் நீளும், இல்லையென்றால் ஜனவரியில் வரவேண்டாம். கடிதத்தை நாலாக மடித்துச் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தாள், ஏன் அங்கே என்று நான் கேட்கவில்லை.

பூனை தூங்கிய மறுநாள் காலை எட்டு நாற்பதுக்கு அவள் குளத்தின்மேல் சைக்கிளில் வந்தாள். கரையில் நின்றிருந்த பேராசிரியர், பூனையைத் தாங்கும், ஐம்பத்தெட்டு கிலோ பெண்ணையும் இருபது கிலோ சைக்கிளையும் தாங்காது என்று அவள் வந்து சேரும்வரை வாய்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் கரையேறி ஸ்டாண்டு போட்டதும், "எங்கேயோ ஒரு பூஜ்யம் விட்டுட்டேன்," என்றார்.

அதன்பிறகு ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. பால்காரர் வந்தார், தபால்காரர் வந்தார், ஆடுகள் முதல்நாள் தண்ணீரைக் கண்டு தயங்கி மறுநாள் தயங்காமல் வந்தன, அடியில் மீன்கள் கூட்டமாக வந்து உள்ளங்கால்களை அண்ணாந்து பார்த்தன, நீர்க்காகங்கள் மேலேயிருந்து பாய்ந்து மோதி எகிறி, கருவேலமரத்தில் போய் அவமானப்பட்டு உட்கார்ந்தன, எருமைகள் பூட்டிய அலுவலகத்தின் முன் மனுவோடு நிற்பவர்களைப் போலக் கரையில் நின்றன. துவைக்கவும் குளிக்கவும் எல்லோரும் வாய்க்காலுக்குப் போனார்கள், ஏனென்றால் படலத்தில் ஒரு குடம் மொள்ளுமளவுக்குக்கூட ஓட்டை போட முடியவில்லை. அரிவாளால் கொத்திப் பார்த்தவரிடம் பேராசிரியர் ஓடிப்போய் மகிழ்ச்சியோடு கைகொடுத்தார். சர்க்கரை வியாதிக்கு நடக்கச் சொல்லியிருந்த மேலத்தெருப் பெரியவர்கள் சாயங்காலம் குளத்தின்மேல் நடந்தார்கள், காலையில் கீழக்கரைக்காரர்கள் நடந்தார்கள், இது யாரும் பேசி வைத்ததில்லை. பத்துநாள் கழித்து வடபாதி மேலத்தெருவுக்கு, தென்பாதி கீழக்கரைக்கு என்று ஆகியிருந்தது. யாரோ பிளீச்சிங் பவுடரில் கோடு போட்டார்கள். காற்று அதை அடித்துக்கொண்டு போயிற்று. கோடு போனதே தவிர அது எங்கே இருந்தது என்பது யாருக்கும் மறக்கவில்லை. ஓர் அணு கனமே உள்ள ஒன்றை இரண்டாகப் பிரிக்க எங்கள் ஊருக்குக் கத்திகூடத் தேவைப்படவில்லை.

இசக்கியம்மாள் ஒருநாளும் பிந்தவில்லை. விரல் வைத்துவிட்டு மிஷின் சொல்லும் நன்றியை நின்று கேட்டுவிட்டு வருவாள்.

ஐப்பசி கடைசியில் டெல்லியிலிருந்து பேராசிரியருக்கும் ஒரு கடிதம் வந்தது. டிசம்பரோடு புராஜெக்ட் முடிகிறது, வல்லுநர் குழு நேரில் வரும், பெரிய பரப்பில் படலத்தை மாற்றிக் காட்டவேண்டும். செவந்திகுளத்தில் தொண்ணூறு ஏக்கர் படலம் இருப்பதாக அவர் பதில் எழுதினார். தண்ணீர் ஒரு பரப்பு ஆகாது, திடமான ஒன்றின்மேல் இருந்தால்தான் கணக்கில் வரும் என்று குழு திருப்பி எழுதியது.

அவர் இசக்கியம்மாளைக் கூப்பிட்டார்.

"இசக்கி, படலத்தைக் குளத்திலேருந்து எடுக்கணும்."

"எடுத்துட்டா நான் எப்படி சார் வருவேன்?"

அவர் அதை யோசித்திருக்கவில்லை. "முந்தி எப்படி வந்தே? பஸ்ஸிலதானே?"

"பஸ்ஸுல வந்தா சனவரிக்கு வரவேண்டாம்னு லெட்டர் குடுத்திருக்காவல்லா."

"எடுக்கலேன்னா புராஜெக்டே இருக்காதும்மா. அப்ப சனவரிக்கு நாம யாருமே வரவேண்டாம்," என்றார் அவர். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டார்.

இசக்கியம்மாள் போய் ஒரு பீக்கரைக் கழுவினாள். நாலு நாள் அவள் கழுவியதையே கழுவினாள். ஐந்தாம் நாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "சார், மேலத்தெருவுல எறக்குவோம்," என்றாள்.

"தெருவிலயா?"

"போன வருசம் போட்ட சிமெண்டு ரோடு, கண்ணாடி மாதிரி கெடக்கு. அறுநூறு மீட்டர் நீளம். ஒவ்வொரு கார்த்திகைக்கும் குளம் பெருகுனா அந்தத் தெருவுக்குள்ளதான் முட்டளவு தண்ணி நிக்கும். தண்ணி வரும்போது படலத்தையும் சேத்துக் கூட்டிட்டு வந்துரலாம். தண்ணி வடியும்போது அது ரோட்டுல உக்காந்துக்கும். நம்ம தட்டுல செய்யோம்லா, அதேதான் சார், தட்டுதான் பெருசு."

பேராசிரியர் எழுந்து நின்றார். அவர் சிமெண்டை நினைத்தார். இசக்கியம்மாள் என்ன நினைத்தாள் என்று அவர் கேட்கவில்லை.

ஊராட்சித் தலைவர் சொர்ணத்தம்மாள். ஆனால் ஊரில் தலைவர் என்றால் அவள் வீட்டுக்காரர் நயினார்தான், அவர்கள் வீடு மேலத்தெருவின் நடுவில் இருக்கிறது. பேராசிரியர் நயினாரிடம் ஒரு மணிநேரம் பேசினார். நயினார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கண்ணுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"தொட்டா?"

"தெரியாது."

"ஒலகத்துலயே பெருசுங்கிய?"

"பெரிசு."

"எந்தத் தெருவுக்கும் இல்லாதது?"

"எந்தத் தெருவுக்கும் இல்ல."

நயினார் சிறிதுநேரம் தெருவைப் பார்த்தார். "அப்ப போடுங்க. போர்டுல எம்பேரு வரணும். ஏ சொர்ணம், கையெழுத்துப் போடணுமாம், வா," என்றார். சொர்ணத்தம்மாள் டீயையும் பேனாவையும் ஒன்றாகக் கொண்டுவந்தாள்.

கார்த்திகையில் ஆறு நாள் மழை பெய்தது. கால்வாய் நீர் உள்ளே வரவரக் குளம் படலத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு உயர்ந்தது. ஏழாம் நாள் காலை மழை விட்டபோது மேலத்தெருவில் முட்டளவு தண்ணீர். இசக்கியம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அரசாங்கப் புராஜெக்டின் ஊழியராக, கழுத்தில் அடையாள அட்டையோடு மேலத்தெருவுக்குள் இறங்கினாள். அவளுடைய வம்சத்தில் அந்தத் தெருவில் அப்படி நடந்தவள் அவள்தான் முதல், ஆனாலும் தண்ணீருக்குள் கால் தெரியாததால் அதை யாரும் நடை என்று எண்ணவில்லை. இரண்டு கைகளையும் தண்ணீர்மேல் பரப்பி, பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்கி வருவதுபோல, பின்பக்கமாக நடந்து, ஒரு பளபளப்பைத் தெருவுக்குள் அழைத்து வந்தாள்.

தண்ணீர் வடிய இரண்டு பகல் ஆகும், அதுவரை யாரும் படலத்தின்மேல் மூச்சு விடக் கூடாது என்றாள். மேலத்தெரு இதை வீட்டு எண்படி முறை வைத்துச் செய்தது. ஒன்று முதல் பத்துவரையுள்ள வீடுகள் வாசலில் நின்று மூச்சடக்கும், மற்றவர்கள் கொல்லைப்பக்கம் போய் மூச்சு விட்டு வருவார்கள், பிறகு பதினொன்று முதல் இருபது. விக்கல் வரும் ஒருவரை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தெருவின் நடுவில் நின்ற இசக்கியம்மாளுக்கு மட்டும் முறை கிடையாது. அவள் சொல்லி ஒரு தெருவே மூச்சை அடக்கியது, அதை அவள் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் ரோடு காய்ந்து வெளுத்துக் கிடந்தது. அடுத்த நாள் காலை எட்டு நாற்பத்தைந்துக்கு இசக்கியம்மாள் மேலத்தெருவுக்குள் சைக்கிளில் வந்தாள்.

நயினார் வீட்டின் முன் நாலுபேர் குறுக்கே நின்றார்கள். நயினார் பேப்பரை மடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன இசக்கி, வழி தவறிட்டியா?"

"இல்ல தலைவரே. ஆபீசுக்குப் போறேன்."

"தெரு வழியாவா?"

"நான் எங்க தெருவுல போறேன்? ஒன்றரை மாசமா எதுமேல வந்தேனோ அதுமேலதான் இன்னைக்கும் போறேன். குளத்துல கெடந்தது இப்ப இங்க கெடக்கு. அதுக்கு நான் என்ன செய்ய?"

அவர்கள் கீழே பார்த்தார்கள். கீழே சிமெண்டு தெரிந்தது. ஆனால் அதன்மேல் ஒன்று இருக்கிறது என்பதற்காக அவர்கள் இரண்டு நாள் மூச்சடக்கியிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லவும் முடியாது.

ஆள் அனுப்பிப் பேராசிரியரைக் கூட்டிவந்தார்கள். அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நாலுபேரில் ஒருவர் கேட்டார்: "சார், குளத்துல இவுக கால் பட்ட பக்கம் இருக்குல்லா, அது இப்ப எப்படிக் கெடக்கு? மேலயா, கீழயா?"

அவர் வாழ்நாளில் பொதுமக்கள் அவரிடம் கேட்ட முதல் தொழில்நுட்பக் கேள்வி அது. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப முக்கியமான கேள்வி. சில முறைகள்ல படலம் தலைகீழாப் புரண்டுரும். நம்ம முறையில புரளாது. மேல்பக்கம் மேலயே இருக்கும், அடிப்பக்கம் மட்டும்தான் ரோட்டைத் தொடும்."

"அப்ப இவுக கால் ரோட்டுல படாது?"

"படவே படாது. ஹீலியம் வாயுகூட ஊடுருவ முடியாது."

"ஹீலியமே போகாதாம்வே," என்றார் கேள்வி கேட்டவர் மற்றவர்களிடம்.

நயினார் கணக்குப் போட்டார். தெரு அவருடைய தெருவாகவே இருக்கிறது. அதன்மேல் கீழக்கரைக்காரர்கள் போகவில்லை. அவர்கள் போவது அவர் பேர் போட்ட போர்டு சொல்லும் உலகத்திலேயே பெரிய ஒன்றின்மேல். யாரும் தோற்கவில்லை. அவர் ஒதுங்கினார், நாலுபேரும் ஒதுங்கினார்கள், இசக்கியம்மாள் எட்டு ஐம்பத்தேழுக்கு விரல் வைத்தாள்.

அந்த வாரமே கீழக்கரையின் மற்ற சைக்கிள்களும் வந்தன, பிறகு பைக்குகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் கூடைகள், பதினெட்டாம் நாள் மேளத்தோடு ஒரு மாப்பிள்ளை. விருந்துக்கு வந்த உறவினர்கள் முகத்தைச் சுளித்தால் மேலத்தெருக்காரர்களே, "அவிய ரோட்டுல போகல, படலத்துல போறாவ, ஒங்க ஊருல உண்டா?" என்று கேட்டார்கள். படலம் தேயக் கூடாதென்று மேலத்தெருவில் மாட்டுவண்டியை நிறுத்திவிட்டார்கள். கோலம் போடும் பெண்கள் மாவை விரலால் தொடாமல் உயரத்திலிருந்து உதிர்த்தார்கள்.

குழு வருவதற்கு முந்தின நாள் நான் கருவியோடு போய்த் தெருவை அளந்தேன். கையில் பிடிக்கும் அளவுதான், பச்சை ஒளியைப் பாய்ச்சினால் திரையில் கோடு வரும், படலம் இருந்தால் கோட்டில் இரண்டு முகடுகள் எழும். முதல் இடத்தில் முகடு இல்லை. பத்தடி தள்ளி வைத்தேன். இல்லை. தெருவின் தலையிலிருந்து கடைசிவரை அறுபது இடங்களில் மண்டியிட்டு வைத்துப் பார்த்தேன், அறுபதிலும் சிமெண்டு மட்டும் இருந்தது. என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகள், "இருக்கா அக்கா, இருக்கா அக்கா," என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். நான் சிரித்து வைத்தேன்.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியபோது இசக்கியம்மாள் தொட்டியருகே நின்றிருந்தாள். நோட்டை அவளிடம் காட்டினேன். அவள் பார்க்கவில்லை.

"தெரியும் மேடம். ரெண்டாம் நாளே வாய்க்கா பக்கமா நழுவிட்டு. முழுசா போயிட்டு."

"எப்படி?"

"நான் மூச்ச விட்டுட்டேன்."

ஆறு வருஷத்தில் அவள் மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. என் முகத்தைப் பார்த்து அவளே சொன்னாள்.

"தலைவர் வீட்டம்மா இருக்காவல்லா, சொர்ணத்தம்மா. நான் தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டே இருக்கேன்னு நடைக்கு வந்து, 'ஏட்டி, நின்னு நின்னு காலு வெறைச்சிருக்கும், ஒரு வாய் காப்பி குடிக்கியா'ன்னு கேட்டாவ. அந்தத் தெருவுல எங்க அம்மாகிட்ட, எங்க ஆச்சிகிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்ல. கேட்டா பதில் சொல்லணும்லா? 'குடிக்கேன்'னு சொல்லிட்டேன். அவ்வளவுதான், போயிட்டு."

"காபி கொடுத்தாங்களா?"

"குடுத்தாவ."

கொஞ்சம் தயங்கிவிட்டு, "எதுல?" என்று கேட்டேன்.

"பேப்பர் கப்புல," என்றாள், ஒரு குடுவையை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். "நல்ல காப்பிதான்."

மறுநாள் வெயிலுக்குமுன் பார்த்துவிடவேண்டும் என்று குழு எட்டரைக்கே வந்துவிட்டது. மூன்று பேர். ரோட்டில் கால் வைத்தால் படலம் கெடும் என்று பேராசிரியர் சொன்னதால் தெருமுனையில் போர்டுக்கு அருகிலேயே நின்றார்கள். தெரு முழுவதும் வாசலில் நின்றது. மூவரில் மூத்தவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அளவெடுத்தது யார் என்று கேட்டார். பேராசிரியர் என்னை முன்னால் தள்ளினார்.

நோட்டு என் கையில் இருந்தது. அதில் அறுபது சிமெண்டுக் கோடுகள். நான் அதைத் திறக்கவில்லை.

"எம்மா," என்றார் நயினார். குழுவுக்கு முந்திக்கொண்டு அவரே கேட்டார். "இருக்குல்லா?"

அவர் போர்டைப் பற்றிக் கேட்கவில்லை என்று தெரிந்தது. இல்லையென்றால் இருபத்தைந்து நாளாக அவர் தெருவில் நடந்தது என்ன என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அவர் பின்னால் நாலுபேரும் அதையேதான் யோசித்தார்கள், ஹீலியத்தைப் பற்றிச் சொன்னவர் தன் உள்ளங்காலை ஒருமுறை தூக்கிப் பார்த்துக்கொண்டார். சொர்ணத்தம்மாள் மட்டும் என்னைப் பார்க்காமல் தெருவின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு," என்றேன். கடைசி வீடுவரை கேட்டிருக்கவேண்டும், நானே திடுக்கிட்டேன். "எல்லா இடத்துலயும் இருக்கு. கிழியவே இல்ல."

நயினார் மூச்சு விட்டார். குழு கையெழுத்துப் போட்டது, பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெருக்கோடியில் இசக்கியம்மாளின் சைக்கிள் திரும்பியது. மணி எட்டு நாற்பத்தெட்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் நின்றால் பாரம் தாங்காது என்று நயினார் தன் வீட்டாரையும் விருந்தினர்களையும் ஓரத்துக்கு ஒதுக்கினார், தானும் சாக்கடை விளிம்பில் ஏறி, வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு முன்னால், வெறும் சிமெண்டின்மேல், சைக்கிள் போயிற்று.